வாளைக்குறிச்சிக்கு ஆள் சேர்த்த கதை

பொன்னுத்தாயின் மகன் ரெங்கராஜுக்கு முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஆளும் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பான். அவனிடம் இருந்த ஒரே குறை, அவன் விவசாயம் பார்த்தான் என்பதுதான். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இன்றைக்கு ஒரு மாப்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்குக்கூட டவுனில் ஒரு செல்போன் கடை இருந்தால் யாராவது பெண் கொடுத்துவிடுகிறார்கள்.

அது போதாதென்று ஊர் வேறு. வாளைக்குறிச்சி ஒரு காலத்தில் நூறு வீட்டுக்குமேல் அடுப்பு எரிந்த ஊர். அதை நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். முதலில் கிளம்பியவர்கள் காலனிக்காரர்கள். அவர்களை இருக்கச் சொல்லி யாரும் கெஞ்சவும் இல்லை, இருக்கும்படி யாரும் அவர்களை நடத்தவும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அதற்குப் பிறகுதான் நடவுக்கும் களைக்கும் ஆள் இல்லையென்று நிலக்காரர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். அடுத்து நிலக்காரர்களின் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்கள் அடுத்தடுத்து வந்தபோது மிச்சமிருந்தவர்களும் கூரையைக் கொஞ்சம் பார்த்தார்கள், பஸ்ஸைக் கொஞ்சம் பார்த்தார்கள், திருச்சிக்கு ஏறிவிட்டார்கள். இப்போது நாற்று நட பீகாரிலிருந்து ஆள் வருகிறார்கள். அறுப்புக்கு மெஷின் வருகிறது. பள்ளிக்கூடத்தில் கடைசியாக இரண்டு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அதையும் பூட்டினார்கள். இன்றைக்கு ஊரில் திறந்திருக்கும் வீடுகள் பத்துகூட வராது. அதிலும் பாதி வீட்டில் எழுந்து நடக்க முடியாதவர்கள்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முசிறியிலிருந்து ஒரு பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் மனசுக்குப் பிடித்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். இலையில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறோம்ங்க" என்று எழுந்துவிடுவார்கள். முசிறிக்காரர்கள் காரை விட்டு இறங்கியதும் தெருவின் இரு பக்கமும் பார்த்தார்கள். பூட்டு, பூட்டு, இடிந்த சுவர், மறுபடி பூட்டு. பெண்ணுக்கு அத்தை முறையாக வந்த ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்.

"ராத்திரியில ஒரு நெஞ்சுவலின்னா இங்க யாரைங்க கூப்புடறது?"

பொன்னுத்தாயின் புருஷன் அப்படி ஒரு நெஞ்சுவலியில்தான் போய்ச் சேர்ந்தார். யாரையும் கூப்பிட முடியாமல் ரெங்கராஜ் அப்பாவை மோட்டார் சைக்கிளில் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஓட்டினான். பாதி வழியிலேயே பின்பக்கம் கனத்துவிட்டது. முசிறிக்காரர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்றைக்குச் செய்த வடை, பாயசம் எல்லாவற்றையும் பொன்னுத்தாய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

இந்த வருஷம் ஆனியில் லால்குடியில் ஒரு பெண் அமைந்தாள். பேர் ரெங்கநாயகி. செவ்வாய் தோஷம் என்று தள்ளித் தள்ளி முப்பத்து மூன்று வயதாகிவிட்டது, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்த்தாள். அவள் அப்பா சப்தரிஷி, ரிட்டயரான பஸ் கண்டக்டர். பெண் பார்க்கப் போன இடத்தில் ரெங்கராஜும் அவளும் ஒருவரை ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பார்த்துக்கொண்டதைப் பொன்னுத்தாய் கவனித்துவிட்டாள். அதற்குப் பிறகு மகன் செல்லைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் போவதும், திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருப்பதும் அவள் கண்ணுக்குத் தப்பவில்லை. 'வயல்ல நின்னு பேசுறான், வயலைப் பத்தித்தான் பேசுவான்' என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு எப்படியும் நினைக்கத் தெரியாது.

"ஆவணியில ஒரு ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வரோம்ங்க" என்று சப்தரிஷி போனில் சொன்னதும் பொன்னுத்தாய் போனை வைத்துவிட்டு எழுந்தாள். தெருவுக்கு வந்து நின்று பார்த்தாள். அதே பூட்டுகள். இந்தப் பெண்ணும் போனால் அடுத்த பெண் கிடையாது, அவன் தனிக்கட்டையாகவே போய்விடுவான், தான் கண்ணை மூடிய மறுநாள் அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நாதி இருக்காது. நின்ற இடத்திலேயே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பொன்னுத்தாய்க்கு ஒரு யோசனை வந்தால் வந்ததுதான், எமன் குறுக்கே வந்தாலும் ஓரமாக நிற்கச் சொல்லுவாள். ஊரில் ஆள் இல்லை என்றால் ஆளைக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டியது.

மறுநாளே பஸ் ஏறிக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள். அங்கே அவளுடைய கொழுந்தன் மருதை மூட்டை தூக்கினார். சொந்தமாக இரண்டு ஜோடி மாடு வைத்திருந்த மனிதர். வெங்காய மூட்டை ஒன்று தலையில் இருந்ததால் அண்ணியைப் பார்த்தும் அவரால் நிமிர முடியவில்லை. கண்ணை மட்டும் தூக்கிச் சிரித்தார். இறக்கி வைத்துவிட்டு வந்தபோதும் கழுத்து நேராகவில்லை, அது இனிமேல் ஆகாது போலிருந்தது.

"என்ன அண்ணி, யாராச்சும் போயிட்டாங்களா?" என்றார் முதல் கேள்வியாக. ஊரிலிருந்து யாராவது தேடி வந்தால் சாவுச் சேதிக்குத்தான் வருவார்கள்.

"யாரும் சாவல. உன் அண்ணன் மவனுக்கு வாழ்க்கை அமையப் போவுது. ஒரு நாளைக்கு வந்து உன் வீட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காரு, போதும்."

மருதை சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். அங்கிருந்து பொன்னுத்தாய் புத்தூருக்குப் போனாள். முன்பு அடுத்த வீட்டில் இருந்த ஆனந்தவள்ளி அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பின்பக்கம் தண்ணீர்க் குழாயடியில் நோயாளிகளின் மலச்சட்டிகளை வரிசையாக வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தபோது ஐயர் வீட்டு வெள்ளிப் பாத்திரம் போலக் குத்துவிளக்கைத் துலக்கி வைக்கிறவள் அவள். பொன்னுத்தாய்க்குப் பார்க்கவே மனசு ஆறவில்லை. ஆனந்தவள்ளிக்கு அதெல்லாம் பழகிவிட்டது.

"கண்டிப்பா வரேங்க்கா. பேத்தியையும் கூட்டிட்டு வரேன். புள்ளைங்க தெருவுல வெளாண்டாத்தான் ஊரு மாதிரி இருக்கும்" என்றாள்.

இப்படியே பாலக்கரை, உறையூர், அரியமங்கலம் என்று பொன்னுத்தாய் அலைந்தாள். எங்கே போனாலும் ஊர்க்காரர்கள் வேலையில்தான் இருந்தார்கள். ஒருவர் அப்பார்ட்மெண்ட் வாசலில் தன் பேரன் வயதுப் பையனுக்கு சல்யூட் அடித்துக் கேட்டைத் திறந்துவிட்டார். இன்னொருவர் கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுத்தார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பொன்னுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மகனை இந்தக் கதிக்கு விடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று அவளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

கர்வத்துக்குக் காரணம் உண்டு. அப்பா செத்து வருஷம் திரும்புவதற்குள் மண்ணச்சநல்லூரில் நிஜாமுதீன் என்கிற ரைஸ் மில்காரர் ரெங்கராஜைத் தன் திருச்சிக் கடையில் வந்து இருக்கச் சொன்னார். தங்க இடம், மாசச் சம்பளம் எல்லாம் உண்டு. பொன்னுத்தாய் அன்றைக்கு முழுக்கச் சோறு ஆக்கவில்லை, சுவரோரம் சாய்ந்து அழுதுகொண்டே இருந்தாள். சாயந்திரம் ரெங்கராஜ் வந்து, "நான் போகலம்மா, வயலைப் பாத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான், அன்றிலிருந்து பொன்னுத்தாய் அதைச் சொல்லாத ஆள் இல்லை. "எம் புள்ளைக்கு மண்ணுதான் உசுரு. மில்லுக்காரரு வா வான்னாரு, மாட்டேன்னுட்டான்." ஊரில் கேட்க ஆள் குறைந்த பிறகும் இருந்தவர்களிடமே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பொன்னுத்தாய் திருச்சியில் அலைந்துவிட்டு வந்து இரண்டு நாள் கழித்துப் பாக்கியநாதன் போன் செய்தான். வாளைக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவரின் மகன். இப்போது சமயபுரம் ரோட்டில் மனை பிரித்து விற்கிறவன், வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும்.

"அத்தை, மருதை மாமா சொன்னாரு. எவ்வளவு நல்ல காரியம்! எல்லாரையும் அள்ளிட்டு வர நான் ரெண்டு வேன் அனுப்பறேன். சாப்பாடு மட்டும் நீங்க பாத்துக்கங்க" என்றான்.

பொன்னுத்தாய் நெகிழ்ந்து போனாள். "நல்லா இருப்படா" என்று வாழ்த்தினாள். மனை விற்கிறவன் எதற்காகத் தன் பணத்தில் வேன் அனுப்புகிறான் என்று கேட்கத் தோன்றவில்லை. மகன் கல்யாணம் என்றால் எந்தத் தாய்க்கும் அறிவு கொஞ்சம் அவிந்துதான் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் வேன்கள் வந்துவிட்டன. இறங்கியவர்கள் பூட்டைத் திறக்கப் பார்த்தார்கள். பாதிப் பூட்டுகள் திறக்கவில்லை, கல்லால் உடைத்தார்கள். வௌவால் பறந்தது, எலி ஓடியது. ஒரு பெண் வாசல் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, அது தன் வீடு இல்லை, பக்கத்து வீடு என்று கண்டுபிடித்தாள். "அதுவும் நல்லதுதான், ரெண்டு கோலம் போடு" என்றாள் பொன்னுத்தாய். ஆனந்தவள்ளியின் பேத்தி கனிஷ்கா, "பாட்டி, இங்க பாத்ரூம் எங்க?" என்று கேட்டுக்கொண்டே தெருமுழுக்க அலைந்தாள். பொன்னுத்தாய் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"யாரு கேட்டாலும் இங்கயேதான் இருக்கோம்னு சொல்லணும். ஞாயித்துக்கிழமை, அதான் வேலைக்குப் போவலன்னு சொல்லுங்க."

ரெங்கராஜ் அந்த அமளியிலும் விடியற்காலையிலேயே வயலுக்குப் போய்விட்டான். புது வேட்டி சட்டையை எடுத்து வைத்துவிட்டுத் தேடியவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "பாத்தியா, இன்னிக்குக்கூட அவனுக்கு வயலைப் பாக்காம முடியல" என்று மருதையிடம் பெருமைப்பட்டாள். மருதை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் நடந்தார்.

பத்து மணிவாக்கில் லால்குடிக் கார் வந்தது. சப்தரிஷியோடு அவர் மனைவியும், மச்சினரும், இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். தெருவில் பிள்ளைகள் ஓடின. வாசல்களில் பெண்கள் நின்று "வாங்க, வாங்க" என்றார்கள். எங்கோ ஒரு வீட்டில் ரேடியோகூடப் பாடியது. சப்தரிஷியின் மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஊரு நல்லா கலகலன்னு இருக்குங்களே. தரகர் என்னமோ காடு மாதிரி சொன்னாரு."

"பொறாமையில சொல்றதுதாங்க" என்றாள் பொன்னுத்தாய், கூசாமல்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மாட்டைப் பார்த்தார்கள். பாத்ரூமுக்குப் புதிதாக ஒட்டிய டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்கள். கூடத்தில் இலை போடச் சொல்லிப் பொன்னுத்தாய் ஜாடை காட்டினாள். பெண்கள் இலைக்கு முன்னால் வந்து உட்காரக்கூட ஆரம்பித்துவிட்டார்கள். "அவரு எங்க?" என்று மனைவி கேட்டபோதுதான் சப்தரிஷியும் மச்சினரும் அங்கே இல்லை என்று தெரிந்தது. ஊரைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று நடந்திருக்கிறார்கள். கண்டக்டராக இருந்தவர், கூட்டத்தைப் பார்த்தால் யார் எந்த ஸ்டாப்பிங்கில் இறங்குவார்கள் என்று கண் தானாகவே அளக்கும். கனிஷ்காவைக் கூப்பிட்டு எந்த ஸ்கூலில் படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அந்தக் குழந்தை புத்தூரில் உள்ள ஸ்கூலின் பேரைப் பளிச்சென்று சொல்லிவிட்டது.

அதோடு போயிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். ஊர் ஆண்கள் ஒருத்தரும் தெருவில் இல்லை என்பதைப் பார்த்து அவர்களைத் தேடி அவர் பூட்டிய பள்ளிக்கூடம் வரைக்கும் போய்விட்டார். அங்கே பாக்கியநாதன் பெஞ்சுமேல் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். சிதறிக் கிடந்த பங்காளிகளை ஒரே இடத்தில் சேர்க்க முடியாமல் அவன் நாலைந்து வருஷமாக அலைந்தவன். பொன்னுத்தாய் ஒரே வாரத்தில் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

சப்தரிஷி திரும்பி வந்து இலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பின்னாலேயே மருதையும் மற்ற ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். பெண்கள் இலையை விட்டு எழுந்துகொண்டார்கள். ரெங்கராஜ் புது வேட்டியில் சாம்பார் வாளியும் கையுமாகக் கூடத்து வாசலில் நின்றான்.

"ஒளிச்சுப் பேசுற ஆளு இல்லைங்க நான்" என்றார் சப்தரிஷி. "இவங்க யாரும் இங்க இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அதை நான் தப்புன்னு சொல்லல. பொண்ணைப் பெத்த நான்கூட எம்பொண்ணு வயசை ரெண்டு கொறச்சுத்தான் சொன்னேன். பையன் தங்கமான பையன். எம்பொண்ணுக்கும் புடிச்சிருக்கு. ஆனா எல்லாரும் நெலத்தை மனைக்குக் குடுத்தாச்சாம். உங்களது நடுவுல இருக்காம். நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டா திருச்சியில ஒரு வீட்டைப் பாத்துக்கலாம். எம் மச்சான் கம்பெனியில மாப்ளைக்கு வேலைக்குச் சொல்றேன்னு சொல்றாரு. பேசி முடிச்சுட்டு இப்பவே கை நனைச்சுடுவோம். என்ன சொல்றீங்க?"

பொன்னுத்தாய் முதலில் மருதையைப் பார்த்தாள்.

"நீயுமா போட்ட?"

"நான் என்னங்கண்ணி பண்றது? கழுத்து போயிருச்சு. இன்னும் எத்தினி நாளைக்கு மூட்டை தூக்குவேன்?" என்றார் மருதை.

பொன்னுத்தாய்க்குள் கோபம் குபுகுபுவென்று ஏறியது. தன் மகன் கல்யாணத்தைச் சாக்கு வைத்து ஊரையே விற்றுவிட்டார்கள். விற்றவர்கள் நல்லவர்களாக வேறு நின்றுகொண்டிருந்தார்கள். கம்பெனி வேலை என்றதும் அவளுக்குத் தோன்றியது வாட்ச்மேன் வேலைதான், வந்தவர் தன் மகனைக் கேட்டில் நிறுத்தப் பார்க்கிறார். அவள் கண்முன்னே அந்த சல்யூட் வந்தது, எச்சில் இலை வந்தது, புத்தூர் ஆஸ்பத்திரிக் குழாயடி வந்தது.

"மாப்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ங்களே" என்றார் சப்தரிஷி.

"அவனை என்னங்க கேக்கறது? எம் புள்ளை மனசு எனக்குத் தெரியாதா? மில்லுக்காரரு வேலை தரேன்னு கூப்பிட்டப்பவே மண்ணை விட்டு வரமாட்டேன்னவன் அவன். இன்னிக்குக் காலையிலகூட வயலைப் பாத்துட்டுத்தான் வந்து நிக்கிறான். அவனை வாட்ச்மேன் ஆக்கித்தான் கல்யாணம் பண்ணணும்னா அந்தக் கல்யாணம் எங்களுக்கு வேணாம்."

கூடத்தில் எல்லாரும் ரெங்கராஜைப் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பக்கம், சபையில் பெரியவர்கள் பேசும்போது மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறப்பது மரியாதை இல்லை. தாய் பேசிவிட்ட பிறகு திறந்தால் அது தாயை அறைந்த மாதிரி. அவன் சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். சப்தரிஷி விடவில்லை, "என்ன மாப்ள?" என்று அவன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அம்மா சொன்னா சரிங்க" என்றான் ரெங்கராஜ்.

சப்தரிஷி எழுந்தார். "இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறோம்ங்க" என்றார். அவர் மனைவி போகும்போது பொன்னுத்தாயின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். கார் கிளம்பிய புழுதி அடங்கியது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் பசித்தது. வந்தவர்கள் அனைவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பாக்கியநாதனும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் பொன்னுத்தாயே பரிமாறினாள். வீட்டில் இலைக்கு முன் உட்கார்ந்தவனை எழுப்ப அவளால் முடியவில்லை.

சாப்பாடு முடிந்து அவர்கள் வீடுகளைப் பூட்டப் போனார்கள். உடைத்த பூட்டுகளுக்குப் பதிலாகக் கதவைக் கம்பியால் கட்டினார்கள். ரெங்கராஜ் பின்கட்டில் பாத்திரங்களைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். பொன்னுத்தாய் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வந்தவள், தனக்கு ஒரு பாராட்டும் எதிர்பார்த்தாள்.

"போனா போறாங்கடா. உன் வயலை விக்கச் சொல்றதுக்கு அவங்க யாரு?"

ரெங்கராஜ் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வாய்க்கால் அந்த மனைக்குள்ளதாம்மா வருது. நம்ம வயலுக்கு இனிமே தண்ணி வராது" என்றான்.

"போர் போட்டுக்கலாம்."

"போரா?" என்று சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. "அந்தப் பொண்ணு போன்ல என்ன சொன்னா தெரியுமா? ஒரு ரூம் போதும், ஒரு ஃபேன் போதும், திருச்சிக்குப் போயிரலாம்னா. நானும் சரின்னேன். அம்மாகிட்ட எப்படியாச்சும் சொல்லிடறேன்னேன். இன்னிக்குக் காலையில அதைத்தான் எப்படிச் சொல்றதுன்னு மோட்டார் கொட்டாயில உக்காந்து யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

பொன்னுத்தாய் அவன் பக்கம் திரும்பினாள். "மில்லுக்காரரு கூப்பிட்டப்ப…"

"நீ அழுதியேம்மா. அப்பா போயி வருஷம்கூடத் திரும்பல. உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? அதான் இருந்துட்டேன்."

"வயலுன்னா உனக்கு உசுருன்னு…"

"எனக்கு வயலை ஆரம்பத்துலேர்ந்தே புடிக்காதும்மா" என்றான் ரெங்கராஜ். கோபமே இல்லாமல் சொன்னான். அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

பொன்னுத்தாய் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் எதற்காக இந்த ஊரில் இருந்தாள்? புருஷன் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் இருந்த தங்கச்சி வந்து கூப்பிட்டாள், கோயிலுக்குப் போய்க்கொண்டு கூடவே இருக்கலாம் என்றாள். அவனை இந்த மண்ணிலிருந்து பிரித்து எப்படிப் போவேன் என்றுதான் அவள் மறுத்தாள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் இருந்து, இரண்டு பேர் வாழ்க்கையையும் தொலைத்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அழுகை வரவில்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் சடக்கென்று எழுந்து வெளியே போனாள். மருதை வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உன் ரூம்ல ஒரு ஆளு படுத்துக்க எடம் இருக்குமா?"

"இருக்கும் அண்ணி. ஏன்?"

அவள் உள்ளே திரும்பி வந்தாள். "எந்திரிடா. சித்தப்பாவோட கெளம்பு. அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லு, அவங்க அப்பா கால்ல வேணா விழு. நான் கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லு. போ" என்றாள்.

ரெங்கராஜ் ஈரக் கையோடு எழுந்து நின்றான். அவன் மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். வேணாம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம், உன்னை விட்டுட்டு எப்படி என்று பேச்சுக்காவது ஒரு வார்த்தை சொல்லுவான், தான் அவனை அதட்டி அனுப்பலாம் என்று அதற்கான வார்த்தைகளைக்கூட வாயில் வைத்திருந்தாள். அவனோ கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனான். இரண்டு சட்டையும் ஒரு லுங்கியும் செல் சார்ஜரும் ஒரு துணிப் பைக்குள் போவதற்கு எத்தனை நேரம் ஆகும்? அதைவிடச் சீக்கிரமாக வந்துவிட்டான். முகத்தில் அந்த வெளிச்சம் இருந்தது.

வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவன் கண் கலங்கியது. கைநீட்டி அவள் தோளைத் தொட்டான்.

"எப்படா வருவ?" என்று கேட்டாள்.

"பொங்கலுக்கு வரேம்மா" என்றான்.

ஊரை விட்டுப் போனவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். வேனுக்குள் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னுத்தாய் சரி என்று தலையாட்டினாள். வேன் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, கழுவாமல் விட்டிருந்த மீதிப் பாத்திரங்களைத் தேய்க்க உட்கார்ந்தாள்.